புற்று எழும் முன்: எபிதீலியம் வாங்கித் தரும் காலம்

சங்கரன்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். மேடையில் படம் காட்டி விளக்கிய பகுதிகள் சுருக்கப்பட்டுள்ளன.



இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் ‘புற்று’ என்றதும் நோய் நினைவுக்கு வராது. சங்கரநாராயணர் கோயிலின் புற்றுமண்தான் நினைவுக்கு வரும். அதை நெற்றியில் இட்டு வளர்ந்தவர்கள் நாம். உடம்பில் சொறி சிரங்கு வந்தால் நீரில் குழைத்துப் பூசி வளர்ந்தவர்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் அதைப் பொட்டலமாக மடித்து எடுத்துப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதே சொல்லை நம் முன்னோர் ஒரு நோய்க்கும் பெயராக்கினார்கள். பழைய கிரேக்க மருத்துவர்கள் அந்நோயில் நண்டைக் கண்டார்கள். நம்மவர்கள் மண்ணைப் பிளந்து மேடிட்டு எழும் கறையான் புற்றைக் கண்டார்கள்.

புற்றின் இயல்பு நமக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் வரப்போரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு புற்று நம் கண்ணில் பட்டால், அன்று காலை அது தொடங்கவில்லை என்று எந்த விவசாயியும் சொல்லிவிடுவார். மண்ணுக்கடியில் நெடுநாளாக வேலை நடந்திருக்கும். கண்ணில் படுவது அதன் முடிவுதான். நோய்க்கு இப்பெயரை வைத்தவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, அதன் மிக முக்கியமான உண்மையையும் பெயருக்குள் வைத்துவிட்டார்கள்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம் உடலின் பரப்புகளையெல்லாம் மூடியிருக்கும் எபிதீலியம் என்ற திசு, தன் டி.என்.ஏ.வில் விழும் சேதத்தை நாள்தோறும் எதிர்த்து நிற்கிறது. அந்த எதிர்ப்பு நமக்கு வாங்கித் தருவது காலம். பலருக்கு அது வாழ்நாள் முழுவதற்கும் போதும். மற்றவர்களுக்குப் பத்தாண்டோ பதினைந்தாண்டோ கிடைக்கும். செல்கள் பாடுபட்டுச் சேர்த்துத் தரும் அந்தக் காலத்தை நாம் வீணாக்குகிறோம் என்பது என் வருத்தம். வீணாக்காமல் இருக்க முடியும் என்பதைத் தமிழ்நாட்டின் கிராமங்களிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள் என்பது என் நம்பிக்கை. இதை ஏழு செய்திகளாக வகுத்துக்கொள்கிறேன்.

1. எல்லையில் குடியிருப்பவை

உங்கள் கன்னத்தின் உட்புறத்தை நாக்கால் ஒருமுறை தடவிப் பாருங்கள். வழுவழுவென்று நாக்குக்குத் தட்டுப்படுவது எபிதீலியம். தோலின் மேலடுக்கும் அதுதான். உணவுக்குழாய், இரைப்பை, குடல், நுரையீரலின் கிளைக்குழல்கள், மார்பகத்தின் பால்நாளங்கள், கருப்பை வாய் ஆகியவற்றின் உட்பரப்பும் அதுதான். இதன் செல்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றி, ஒரு மெல்லிய அடித்தளச் சவ்வின்மேல் விரித்த துணிபோலப் பரவியிருக்கின்றன.

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பத்துக்கு எட்டுக்கும் மேல் இந்தத் திசுவிலிருந்தே எழுகின்றன. இதற்குக் காரணம் அதன் இருப்பிடமும் அதன் தொழிலும்தான். வெயில், புகை, காரம், புகையிலை, கிருமி என வெளியிலிருந்து வரும் எதுவும் முதலில் தொடுவது இதைத்தான். தேய்ந்துகொண்டே இருப்பதால் இது பெருகிக்கொண்டே இருக்கவும் வேண்டும். குடலின் உட்பூச்சு மூன்று முதல் ஐந்து நாளில் புதிதாகிறது. தோலின் மேலடுக்கு ஏறத்தாழ நான்கு வாரத்தில் புதிதாகிறது. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் தாய்வழி, தந்தைவழி இரண்டுமாகச் சேர்ந்து சுமார் 640 கோடி எழுத்துக்கள் கொண்ட டி.என்.ஏ. முழுவதும் நகலெடுக்கப்பட வேண்டும். அடி வாங்கிக்கொண்டே படியெடுக்கும் வேலை இது. எபிதீலியத்தில் புற்று எழுவது வியப்பில்லை. இவ்வளவுக்குப் பிறகும் பெரும்பாலான செல்கள் நேர்வழியில் நிற்பதுதான் வியப்பு.

2. இழை அறுவது அன்றாடம்

என் தந்தை கைத்தறியில் தொடங்கி விசைத்தறிக்கு மாறியவர். இழை அறுவதற்காக அவர் ஒருநாளும் கலங்கியதில்லை. நூல் என்றால் அறும், அறுந்தால் முடிச்சுப் போடவேண்டும், அவ்வளவுதான். பிற்காலத்தில் டி.என்.ஏ. சேதத்தைப் பற்றிப் படித்தபோது அவருடைய அந்த நிதானம்தான் என் நினைவுக்கு வந்தது.

டி.என்.ஏ. அசையாத கல்வெட்டு என்றே முதலில் பலரும் நம்பினார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்டால் 1970களில் அந்த நம்பிக்கையை மாற்றினார். உடல் வெப்பமும் நீரும் மட்டுமே போதும், அது தானாகவே சிதையும் என்று அவர் கண்டார். ஒவ்வொரு செல்லிலும் ஒவ்வொரு நாளும் பல்லாயிரம் சேதங்கள் நேர்கின்றன. அப்படியானால் பழுதுபார்ப்பவை உள்ளே இருந்தாக வேண்டும் என்று தேடிப் போனார், கண்டும் பிடித்தார். ஒற்றை எழுத்து கெட்டால் அதை மட்டும் வெட்டியெடுத்து மாற்றும் நொதிகள் உண்டு. நகலெடுக்கையில் தவறான எழுத்து சேர்ந்தால் அதைத் திருத்தும் நொதிகளைப் பால் மோட்ரிச் விளக்கினார். வெயிலின் புற ஊதாக் கதிர் பக்கத்துப் பக்கத்து எழுத்துக்களை ஒட்டவைத்துவிட்டால், அந்தத் துண்டையே கத்தரித்தெடுத்துப் புதிதாக நிரப்பும் நொதிகளை அஜீஸ் சன்ஜார் விளக்கினார். மூவருக்கும் 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பழுதுபார்ப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சில குழந்தைகளிடம் காண்கிறோம். சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பிறவிக் குறையில், வெயில் விளைத்த சேதத்தைக் கத்தரித்தெடுக்கும் வேலை நடப்பதில்லை. இதை ஜேம்ஸ் கிளீவர் 1968இல் கண்டறிந்தார். இக்குழந்தைகளுக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல ஆயிரம் மடங்கு. பள்ளிப் பருவத்திலேயே வந்துவிடுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறைபட்ட மரபணு வந்தால்தான் இது வரும். ஆகவே மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கம் உள்ள நம் பகுதியில் இதை அறிந்திருப்பது நல்லது.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். நம் தோலின் செல்கள் தம்முள் வந்து சேரும் மெலனின் என்ற கரு நிறமியை உட்கருவின்மேல் குவித்து வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ.வுக்கு மேல் ஒரு சிறு குடை விரிந்திருக்கிறது. கரிசல் வெயிலில் காலமெல்லாம் வேலை செய்த நம் மூதாதையரைக் காத்தது அந்தக் குடை. கறுப்பைக் குறையாகப் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

3. நின்றுவிடும் தறி

விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த ஒன்று. ஊடை இழை அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். நாடா போய்வரும் வழியில் இழை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் சிறிய முள் ஒன்று உண்டு. இழை இல்லை என்றால் அது தறியை நிறுத்தும். நிற்காமல் ஓடினால் துணி முழுக்கக் கோளாறாகும்.

எபிதீலியச் செல்லிலும் அப்படியொரு முள் இருக்கிறது. டி.என்.ஏ.வின் இரு புரிகளும் ஒருசேர அறுந்தால் ஏ.டி.எம். என்ற புரதம் அதை உணர்ந்து எச்சரிக்கை எழுப்பும். அந்த எச்சரிக்கை பி53 என்ற புரதத்தைச் சென்றடையும். அமைதியான நாட்களில் பி53 செல்லில் தங்குவதே இல்லை. உண்டாகி, சில நிமிடங்களில் அழிக்கப்பட்டுவிடும். சேதம் வந்ததும் அந்த அழிப்பு நிற்கிறது, பி53 திரள்கிறது. அது முதலில் இடும் ஆணை “நில்” என்பது. செல் தன் பிரிதலை நிறுத்திக்கொள்கிறது, பழுது பார்க்கப்படுகிறது, பிறகு வேலை தொடர்கிறது. பழுது சீர்ப்படாத அளவுக்குப் பெரிதென்றால் அடுத்த ஆணை வருகிறது. செல் தன்னைத் தானே ஒடுக்கி, சிறு சிறு பொட்டலங்களாகச் சிதைந்து மடிகிறது. வேறு சில செல்கள் உயிரோடு இருந்தபடியே பிரியும் தகுதியை நிரந்தரமாகத் துறந்துவிடுகின்றன.

இந்தப் புரதத்தை 1979இல் கண்டறிந்தபோது அது புற்றை வளர்ப்பது என்றே எண்ணினார்கள். அது புற்றைத் தடுப்பது என்று தெளிவாகப் பத்தாண்டுகள் ஆயின. அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டேவிட் லேன் 1992இல் அதற்கு ‘மரபுத்தொகுதியின் காவலன்’ என்று பெயர் சூட்டினார். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இந்தக் காவலனின் மரபணு பழுதுபட்டிருக்கிறது.

கடும் வெயிலில் இருந்தபின் தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் ஆங்காங்கே சுருங்கி மடிந்த செல்கள் தெரியும். அவை சேதத்தோடு வாழ மறுத்து விலகியவை. பி53 இல்லாத எலிகளின் தோலில் இவ்வாறு மடியும் செல்கள் மிகக் குறைவு என்று 1994இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மடிய வேண்டியவை மடியாமல் நிலைத்ததால் அங்கே புற்றுக்கு வழி பிறந்தது.

நமக்கு மேற்கே மலையடிவாரத் தோப்புகளுக்குள் யானைகள் இறங்கி வருவதை அறிவீர்கள். உடலில் செல்கள் பெருகப் பெருகப் புற்றும் பெருக வேண்டும் என்று பார்த்தால் யானை இனமே நிலைத்திருக்கக் கூடாது. ஆனால் யானைகள் புற்றுநோயால் இறப்பது அரிது. 2015இல் இதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது. நமக்கு ஒன்றாக இருக்கும் பி53 மரபணு, ஆப்பிரிக்க யானையிடம் சுமார் 20 படிகளாக இருக்கிறது. ஆசிய யானையிடமும் பல படிகள் உள்ளன. கதிர்வீச்சுப் பட்ட யானையின் செல் மனிதச் செல்லைவிட எளிதில் தன்னை மாய்த்துக்கொள்கிறது. அவ்வளவு பெரிய உடல் நிலைப்பது, பழுதுபட்ட சிறு செல் தயங்காமல் விலகிக்கொள்வதால்தான்.

4. உதிர்வதும் காவல்தான்

ஜான் கெய்ர்ன்ஸ் என்ற ஆய்வாளர் 1975இல் ஒரு கேள்வியை எழுப்பினார். இவ்வளவு வேகமாகப் பெருகும் எபிதீலியம் தன் கட்டமைப்பாலேயே தன்னைக் காத்துக்கொள்கிறதோ?

குடலைப் பாருங்கள். அதன் உட்பரப்பில் லட்சக்கணக்கான நுண்குழிகள் உள்ளன. ஒவ்வொரு குழியின் அடியிலும் மூலச்செல்கள் சிலவே இருக்கும். அவை ஈனும் செல்கள் படிப்படியாக மேலேறி, உணவை உறிஞ்சும் தொழிலை ஏற்று, சில நாளில் உதிர்ந்து வெளியேறிவிடும். மேலே இருக்கும் செல்லில் எத்தனை கேடு நேர்ந்தாலும் கவலையில்லை. அது புற்றாக வளர நேரமே கிடைப்பதில்லை. குழிக்கடியில் இருக்கும் சில மூலச்செல்களைக் காத்தால் போதும், குலமே காக்கப்படும்.

தோலும் வாயும் அப்படியே. அடியடுக்கில் பிறந்த செல் மேலே வந்து உதிரும். விதைநெல்லைக் குதிருக்குள் பத்திரப்படுத்திவிட்டு மற்றதைச் செலவழிக்கும் சம்சாரியின் கணக்கு இது. எனவே புற்றுக்கு வித்திடும் எதுவும் அந்த அடியடுக்கை எட்டியாக வேண்டும். இதை நினைவில் வையுங்கள். ஆறாவது செய்தியில் இது தேவைப்படும்.

5. அண்டைச் செல்லின் கண்

இதுவரை சொன்னவை தனிச் செல்லின் ஒழுக்கமும் திசுவின் அமைப்பும். இனிச் சொல்வது சமூகத்தின் காவல். என்னை மிகவும் நெகிழச் செய்த கண்டுபிடிப்பும் இதுதான்.

ஜப்பானிய அறிவியலாளர் யசுயுகி ஃபுஜிதாவின் குழு 2009இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டது. ராஸ் என்ற மரபணு ஓயாமல் பிரியத் தூண்டும்படி மாற்றப்பட்ட எபிதீலியச் செல் ஒன்றை, நல்ல செல்களின் நடுவே விட்டார்கள். சுற்றியிருந்த நல்ல செல்கள் மெல்ல நெருக்கி, அதைப் பரப்பிலிருந்து மேல்நோக்கிப் பிதுக்கி வெளியேற்றிவிட்டன. அதே மாற்றம் எல்லாச் செல்களிலும் இருந்தபோது எதுவும் வெளியேற்றப்படவில்லை. கெட்ட செல்லை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. அண்டையில் நல்லவர்கள் இருக்கிறார்களா என்பதில்தான் விடை இருந்தது. நோய் எதிர்ப்புச் செல்கள் வருவதற்கு முன்பே, எபிதீலியம் தன் ஊரைத் தானே காத்துக்கொள்கிறது. வெளியேற்றும் திசையையும் கவனியுங்கள். உடலுக்குள் அனுப்பினால் பரவிவிடும். குழாயின் உள்வெளிக்குத் தள்ளினால் உணவோடும் சளியோடும் போய்விடும்.

அடுத்து வந்த செய்தி இன்னும் ஆழமானது. இங்கிலாந்தில் இனிகோ மார்ட்டின்கொரேனாவும் உடனாய்வாளர்களும் நலமாக இருந்தவர்களின் கண்ணிமைத் தோலை ஆராய்ந்தார்கள். 2015இல் வெளியான முடிவு மருத்துவ உலகையே நிமிர்ந்து உட்காரச் செய்தது. நோயே இல்லாத அந்தத் தோலின் செல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, புற்றோடு தொடர்புடைய மரபணு மாற்றத்தைச் சுமந்துகொண்டு ஒழுங்காகத் தம் வேலையைச் செய்துவந்தன. உணவுக்குழாயிலும் அப்படியே என்று 2018இல் கண்டார்கள். நடுவயதுக்குப் பிறகு அதன் உட்பரப்பில் பெரும்பகுதியை மாற்றம் கொண்ட செல்களே நிரப்பிவிடுகின்றன. எலிகளில் 2021இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இப்படி இடம்பிடித்த தீங்கற்ற செல்கூட்டங்கள், புதிதாக முளைக்கும் கட்டிகளையே நெருக்கி அழிப்பதையும் காட்டியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. ஒரு செல் மாறிவிட்டது என்பதால் மட்டும் புற்று வந்துவிடாது. மாறிய செல் தன்னுள் இருக்கும் காவலைக் கடக்க வேண்டும், உதிர்வைக் கடக்க வேண்டும், அண்டையைக் கடக்க வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளைத்தான் காலம் என்று தொடக்கத்தில் சொன்னேன்.

6. காவலைக் கலைப்பவை

இத்தனை காவலையும் கலைப்பது எது? நம் மக்களை அதிகம் வாட்டும் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது எச்.பி.வி. என்ற கிருமி. கருப்பை வாயில் நுண்ணிய கீறல் வழியே அது அடியடுக்குச் செல்களை எட்டிவிடுகிறது. விதைநெல்லிலேயே கை வைக்கிறது என்று பொருள். அங்கே அது இரண்டு புரதங்களை உண்டாக்குகிறது. இ6 என்பது பி53ஐ அழிவுக்கு அனுப்புகிறது. இ7 என்பது செல் பிரிதலுக்குக் கடிவாளமான இன்னொரு புரதத்தை முடக்குகிறது. தறியை நிறுத்தும் முள்ளை ஒடித்துவிட்டு மோட்டாரை முழு வேகத்தில் விடுவதுபோல. கருப்பை வாய்ப் புற்றுக்கும் இக்கிருமிக்கும் உள்ள தொடர்பை நிறுவிய ஜெர்மானியர் ஹரால்ட் சூர் ஹாவ்சன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். இதன் 16, 18 என்ற இரு வகைகள் மட்டுமே கருப்பை வாய்ப் புற்றில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணம். ஆனாலும் தொற்று வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் உடலே அதை நீக்கிவிடுகிறது. நீங்காமல் தங்கியவர்களிலும், நோய் எதிர்ப்பு நல்ல நிலையில் இருந்தால், புற்றாக முதிர 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. கடிவாளம் போன பின்னும் திசு அத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கிறது.

இரண்டாவது நம் வெற்றிலைப் பையில் இருக்கிறது. புகையிலையின் நைட்ரோசமைன்கள் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு எழுத்தைக் கெடுக்கின்றன. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு ஒன்றே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் உறுதிப்படுத்தியது.

என் பெரியம்மா வீட்டில் தறிக்குத் தார் சுற்றுவார். ராட்டினம் சுழல்கையில் இடது கன்னத்தில் புகையிலை அடங்கியிருக்கும். இரவு உறங்கும்போதும் அது அங்கேதான். ஒரு நாள் என் அம்மாவிடம், “குழம்பு பட்டா வாயெல்லாம் எரியுது, உறைப்பக் கொறச்சுப் போடு தாயி” என்றார். குழம்பில் உறைப்பு குறைந்தது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவர் எங்களோடு அந்தக் குறைந்த உறைப்பைச் சாப்பிட்டார். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு தடம் இருந்ததை அவரும் பார்த்திருக்கிறார், நாங்களும் பார்த்திருக்கிறோம். யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போகவில்லை. கழுத்தில் கட்டி எழுந்த பிறகே போனோம். அப்போது நான் கல்லூரியில் செல் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளைத் தடம் அவருடைய எபிதீலியம் ஆண்டுக்கணக்கில் எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்த அடையாளம் என்று பாடத்தில் படித்தேன், வீட்டில் படிக்கவில்லை. இந்தச் சொற்பொழிவுக்கு ஒப்புக்கொண்டது அவருக்காகவும்தான்.

7. காலத்தைப் பயன்படுத்தியவர்கள்

சகோதரியை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரத்தை முப்பதாண்டு சுமந்து, 1954இல் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தைத் திறந்தார். 12 படுக்கைகளோடு தொடங்கியது அது. அதற்கே வாழ்வைக் கொடுத்த டாக்டர் சாந்தா, வந்தபின் செய்யும் மருத்துவத்தோடு நின்றுவிடாமல், வருமுன் கண்டறிவதையும் தன் கடமையாகக் கொண்டவர்.

அந்த நிறுவனம், ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மருத்துவமனை, கோவை பி.எஸ்.ஜி., பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை சேர்ந்து திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு பெரும் ஆய்வை நடத்தின. தலைமையேற்றவர் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன். நம் ஊர் இறைவனின் பெயரைத் தாங்கியவர். கிராமப் பகுதிகளை 114 கூறுகளாக வகுத்து, பாதியில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். 2000 முதல் 2003 வரை 31,343 பெண்கள் முன்வந்தார்கள்.

சோதனை என்ன தெரியுமா? நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது. சமையலில் சேர்க்கும் வினிகரும் அதே அமிலம்தான். ஓயாமல் பிரியும் செல்களில் உட்கரு பெருத்திருக்கும், புரதம் அடர்ந்திருக்கும். அமிலம் பட்டதும் அந்த இடம் மட்டும் வெளுக்கும். கோடிக்கணக்கான ரூபாய்க் கருவி தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற செவிலியரின் கண் போதுமானதாக இருந்தது. வெளுத்த இடம் முன்நிலை என்று தெரிந்தவர்களுக்குக் குளிரூட்டி உறையவைத்து அதை நீக்கினார்கள். 2007இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. வாழ்வில் ஒரேயொரு முறை செய்த இந்தச் சோதனையால், அப்பகுதியில் கருப்பை வாய்ப் புற்று 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன.

மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்திலும் டாக்டர் சங்கரநாராயணனே வாய்ப் புற்றுக்கு ஓர் ஆய்வை வழிநடத்தினார். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப் புற்று இறப்பு 34 விழுக்காடு குறைந்ததை 2005இல் அறிவித்தார்கள்.

இந்த இரண்டு ஆய்வுகளின் உயிர்நாடியும் ஒன்றே. எபிதீலியம் வாங்கித் தந்த காலத்துக்குள் மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள்.

நிறைவாக

அவையோரே, ஊடை அறுந்தால் தறி தானே நிற்கும் என்றேன். பாவு இழை அறுந்தால்? பழைய விசைத்தறிகள் நிற்பதில்லை என்று உங்களில் பலருக்குத் தெரியும். அதற்குத் தறிக்காரரின் கண் வேண்டும். ஓட்டத்தோடு ஓட்டமாகப் பார்த்து, கைகொடுத்து நிறுத்தி, இழையைத் தேடிப் பிணைக்க வேண்டும். தறி செய்வதைத் தறி செய்யும். மீதியை நாம் செய்தாக வேண்டும்.

நம் உடலும் அப்படியே. நிற்கவும், பழுது நீக்கவும், மடியவும், உதிரவும், வெளியேற்றவும் செல்கள் தாமாகவே அறிந்திருக்கின்றன. அவற்றுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவை தடுத்து நிறுத்த முடியாத ஒரு சிறு பகுதியைப் பார்க்கும் கண் மட்டும் நம்முடையது. வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடம், இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம், உறைப்பு தாங்காத எரிச்சல் இருந்தால் உறைப்பைக் குறைக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். முப்பது வயதைக் கடந்த பெண்கள் கருப்பை வாய்ச் சோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுங்கள். 14 வயதுச் சிறுமிகளுக்கு அதை வழங்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. அது ஒவ்வொரு வீட்டையும் எட்டும்படி கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. புகையிலையையும் பாக்கையும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கோயில் புற்றுமண்ணை இட்டுக்கொள்ளும் வழக்கத்தை நான் கைவிடவில்லை, உங்களையும் கைவிடச் சொல்லவில்லை. அதை நெற்றியில் இடும்போது மண்ணுக்கடியில் நடக்கும் வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றே வீட்டுக்கு வந்து, தார் சுற்றும் பெரியம்மாவை விளக்கடியில் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.